43 விசிட்டிங் கார்டு, ஒரு பதில்கூட இல்லை

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து 36 வயதுப் பெண் ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

கணவர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். இவர் நான்கு வருடங்களுக்கு முன், நாத்தனாரையும் இன்னும் நான்கு பெண்களையும் சேர்த்துக்கொண்டு, சுய உதவிக் குழுக் கடனில் கருவாடு போடத் தொடங்கினார். நெத்திலி, காரல், வாளை. மாதம் சுமார் 300 கிலோ. மணலில் பரப்பாமல், கம்பிவலைப் பரண் கட்டிக் காயவைக்கிறார்கள். சரக்கு முழுவதும் ஒரே வியாபாரிக்குப் போகிறது. அவர் ஆரம்பத்தில் 60,000 ரூபாய் முன்பணம் கொடுத்தார். அதனால் விலை அவர் சொல்வதுதான். இப்போது பணமும் மூன்று மாதம் இழுக்கிறது. "அடுத்த லோடோட சேர்த்துத் தர்றேன்" என்பார், அதோடு சரி. செலவு போகக் கிலோவுக்கு 60 ரூபாய் நிற்கிறது.

சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் அக்கா மகள், "சித்தி, நெட்வொர்க்கிங் பண்ணாம பிசினஸ் வளராது" என்று சொல்லி, மதுரையில் நடந்த ஒரு கண்காட்சிக்கு இவரை அனுப்பிவைத்தாள். மூன்று நாள் உட்கார்ந்து 43 விசிட்டிங் கார்டு வாங்கிவந்தார். ஓர் இரவு, எல்லா எண்களையும் வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் பட்டியலாகப் போட்டு, "தரமான கருவாடு கிடைக்கும், ஆர்டருக்கு அழைக்கவும்" என்று ஆறு படத்தோடு அனுப்பினார். ஒருவரும் பதில் போடவில்லை. கார்டுகள் ரப்பர் பேண்டு போட்டு பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன. அதே கண்காட்சியில் பார்த்த ஒருவர், வாரம் ஒரு நாள் காலைச் சிற்றுண்டிக் கூட்டம் நடத்தும் வணிகர் குழுவில் சேரச் சொல்கிறார். வருடக் கட்டணம் 40,000 ரூபாய். துபாயில் இருப்பதாகச் சொல்லும் ஒருவர் 200 கிலோ கடனுக்குக் கேட்கிறார். மாமியாரோ, "நெட்வொர்க்குன்னாலே ஆள் பிடிக்கிற வேலை, ஊர் சுத்துற வேலை" என்கிறார்.

கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: "நாலு பேர் முன்னால் போய் நிற்பது கையேந்துவது மாதிரி இருக்கிறது. நான் பிளஸ் டூதான். இங்கிலீஷ் வராது. சரக்கு நன்றாக இருந்தால் அதுவே பேசாதா? இதெல்லாம் எனக்குத் தேவையா?"

சகோதரிக்கு,

சரக்கு பேசும். ஆனால் சாப்பிட்டவரிடம்தான் பேசும். உங்கள் நெத்திலியை இன்றைக்கு யார் சாப்பிடுகிறார்கள் என்றே உங்களுக்குத் தெரியாது. வியாபாரியின் சாக்குக்குள் போனதும் அது நாலு ஊர்க் கருவாட்டோடு கலந்துவிடுகிறது. பரண் கட்டிக் காயவைத்த உங்கள் உழைப்பும் மணலில் பரப்பியவர் உழைப்பும் ஒரே விலைக்குப் போகின்றன. உங்கள் பிரச்சினை தரத்தில் இல்லை. உங்கள் தரத்தைத் தெரிந்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார், அவருக்கு அதை வெளியே சொல்லாமல் இருப்பதில்தான் லாபம்.

முதலில் உங்கள் மாமியார் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அவர் பயம் வெறும் பயம் இல்லை. "நெட்வொர்க்" என்ற சொல்லையே நம் ஊர்ப்பக்கம் சங்கிலித் தொடர் கம்பெனிகள்தான் கொண்டுவந்தன. பணம் கட்டிச் சேர், உனக்குக் கீழே ஆள் சேர், அவர் கட்டுவதில் உனக்குப் பங்கு என்ற வகை. அப்படிப்பட்ட பணச் சுழற்சித் திட்டங்களை 1978-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. நேரடி விற்பனைக்கென்று 2021-ல் வந்த விதிகளும் பிரமிடு முறையைத் தடுக்கின்றன. சேருவதற்கு நுழைவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்கின்றன. இனி யாராவது "நெட்வொர்க்" என்று வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: வருமானம் சரக்கு விற்பதில் வருகிறதா, ஆள் சேர்ப்பதில் வருகிறதா? ஆள் சேர்ப்பதில் என்றால் கதவைச் சாத்திவிடலாம். உங்கள் அக்கா மகள் சொல்வது அது இல்லை. அவள் சொல்வது பழக்கம். அதைத் தொழிலுக்கான வேலையாக நினைத்து ஒழுங்காகச் செய்வது.

அதில் கேவலம் ஒன்றும் இல்லை. கீழக்கரை உங்களுக்குப் பக்கம்தான். 17-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து கடல் வணிகம் செய்த சீதக்காதியைக் கொடைக்காகத்தான் நினைக்கிறோம். அவர் ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு எவ்வளவு நெருக்கமானவர், அந்த நெருக்கம் வணிகத்துக்கு என்ன செய்திருக்கும் என்று யாரும் பேசுவதில்லை. கப்பல் வைத்திருந்தவருக்கே ஆள் பழக்கம் தேவைப்பட்டது என்றால் பரண் வைத்திருப்பவருக்குத் தேவைப்படாதா?

43 கார்டு ஏன் பேசவில்லை

இதில் பாதி தொழில்நுட்பக் கோளாறு. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். கண்காட்சியில் நீங்கள் அவர்கள் கார்டை வாங்கினீர்கள். அவர்கள் உங்கள் எண்ணை வாங்கினார்களா? இல்லை என்றே நினைக்கிறேன். ஆக அந்த 43 பேரில் பெரும்பாலோருக்கு நீங்கள் எழுதியதே போகவில்லை. அவர்கள் உங்களை ஒதுக்கினார்கள் என்று ஒரு மாதமாக வருத்தப்பட்டிருக்கிறீர்கள். வேண்டாத வருத்தம்.

மீதிப் பாதி, செய்தியில் இருக்கிறது. "தரமான கருவாடு கிடைக்கும்" என்பது யாருக்கு வேண்டுமானாலும் எழுதக்கூடிய வரி. அதனால் யாருக்கும் எழுதியதாக ஆகவில்லை. உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: மெஸ் வைத்திருக்கும் ஒருவர் உங்கள் மேசை முன் நின்று, "எங்க வாங்கினாலும் மண்ணு கடிக்குதும்மா, ரெண்டு பேர் தட்டை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுட்டாங்க" என்று குறைப்பட்டார் என்று. அம்மா, அதுதான் உங்கள் வியாபாரம். மூன்று நாளில் உங்களுக்குக் கிடைத்த ஒரே உருப்படியான சரக்கு அந்த ஒரு வாக்கியம். அதை விட்டுவிட்டு அவருக்கும் மற்ற 42 பேருக்கும் ஒரே படத்தை அனுப்பியிருக்கிறீர்கள்.

அவருக்கு இப்படி எழுதியிருக்கலாம்:

"அண்ணே, வணக்கம். மதுரை கண்காட்சியில் கருவாடு வைத்திருந்தேனே, ராமநாதபுரம் பக்கத்துக்காரி. மண் கடிக்கிறது என்று சொன்னீர்கள். நாங்கள் தரையில் போடுவதே இல்லை, கம்பிவலைப் பரணில்தான் காயவைக்கிறோம். அரைக் கிலோ நெத்திலி பஸ் பார்சலில் அனுப்பட்டுமா? வெந்நீரில் போட்டு அலசி, அடியில் மண் நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். விலையெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்."

பரணின் படம் ஒன்றே ஒன்று. ஆறு படம் வேண்டாம். காலை பதினொரு மணிக்கு மேல், மெஸ்காரர் மதியப் பந்திக்கு முன் மூச்சு விடும் நேரத்தில் அனுப்புங்கள். இரவு பத்து மணிக்கு அவர் கல்லாவை எண்ணிக்கொண்டிருப்பார்.

இதில் எங்கே கையேந்துதல் இருக்கிறது? நீங்கள் எதையும் கேட்கவில்லை. அவருடைய ஒரு தொல்லைக்கு வழி சொல்லியிருக்கிறீர்கள். அரைக் கிலோவும் பார்சல் செலவும் போனால் போகட்டும்.

தெரு முழுக்கச் சொந்தம், ஆனால் சேதி வராது

"எனக்கு ஊரில் எல்லோரையும் தெரியும், அது போதாதா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது. காரணத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

உங்கள் தெருவில் கருவாடு போடுகிற அத்தனை பேரும் அதே வியாபாரிக்குத்தான் போடுகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த விலை உங்களுக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாத விலை அவர்களுக்கும் தெரியாது. நெருங்கிய மனிதர்கள் ஆபத்துக்கு ஓடிவருவார்கள், மருத்துவமனைக்குத் துணைக்கு வருவார்கள். புதுச் சேதி மட்டும் அவர்களிடமிருந்து வராது. மார்க் கிரானொவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-ல் இதைத்தான் எழுதினார். தெரிந்தவர் மூலம் புது வேலை பிடித்தவர்களிடம், "சேதி சொன்னவரை எத்தனை தடவை பார்ப்பீர்கள்" என்று கேட்டார். அடிக்கடி பார்க்கிறவர் மூலம் கிடைத்தது சுமார் 17 சதவீதம் பேருக்குத்தான். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கிற ஆள், பழைய சக ஊழியர், பெயர் மட்டும் ஞாபகமுள்ளவர். அது சின்ன ஆய்வு. 2022-ல், வேலை, தொழில் தொடர்புகளுக்கான இணையதளமான லிங்க்ட்இன்னைப் பயன்படுத்தும் 2 கோடிப் பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வும், நெருங்கிய பழக்கத்தைவிட ஓரளவு தூரத்துப் பழக்கமே வேலை மாற அதிகம் உதவுகிறது என்றது. இரண்டும் வேலை தேடுவோரைப் பற்றியவை, கருவாட்டைப் பற்றியவை அல்ல. ஆனாலும் சேதி போகிற வழி ஒன்றுதான்.

உங்கள் தூரத்துப் பழக்கங்களை நான் கடிதத்திலிருந்தே பொறுக்கி எடுத்தேன். அக்கா மகள் தங்கியிருக்கும் விடுதிச் சமையல்காரர். ராமேஸ்வரத்துக்குப் பயணிகளைக் கூட்டிவரும் வேன் ஓட்டுகிற உங்கள் கணவரின் பள்ளித் தோழர். பரண் கட்டச் சொல்லிக்கொடுத்த பயிற்சியில் உங்களோடு இருந்த, இப்போது மதுரையில் ஊறுகாய் போடும் பெண். பழைய சுய உதவிக் குழு ஒருங்கிணைப்பாளர். நான்கு பேரையும் கடைசியாக எப்போது கூப்பிட்டீர்கள்?

இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். வங்கி வேலையை விட்டு ஆலோசகரான புதிதில், கூட வேலை பார்த்த ஒருவரை எட்டு வருடம் கழித்து ஒரு காரியத்துக்காகக் கூப்பிட்டேன். உதவி செய்தார். வைக்கும்போது, "எட்டு வருஷம் கழிச்சு உன் நம்பரைப் பார்த்ததும், நம்ம ஆளுங்கள்ல யார் செத்துப்போனாங்களோன்னு நினைச்சேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குப் பிறகுதான் நோட்டுப் போட்டேன்.

நீங்களும் நோட்டுப் போடுங்கள். உப்புக்கு, ஐஸ்கட்டிக்கு, சாக்குக்குக் கணக்கு எழுதுகிற நீங்கள் பழக்கத்துக்கு எழுதுவதில்லை. நாற்பது பக்க நோட்டுப் போதும். ஆளுக்கு ஒரு பக்கம்: யார், எங்கே பார்த்தோம், அவர் என்ன சொன்னார், நான் என்ன செய்வதாகச் சொன்னேன், அடுத்து எப்போது கூப்பிட வேண்டும். வீட்டு விசேஷத்துக்கு மொய் எழுதுகிற குடும்பத்துக்கு இது புதிது இல்லை. ஒரே வித்தியாசம், மொய் வந்த வழியே திரும்பும். இது அப்படித் திரும்பாது. ஊறுகாய் போடும் பெண்ணுக்கு நல்ல இறால் எங்கே கிடைக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள். அவர் உங்களுக்கு ஒன்றும் செய்யமாட்டார். இரண்டு வருடம் கழித்து அவருக்குப் பாட்டில் போடுகிறவர் உங்களைக் கூப்பிடுவார். கணக்குத் தீர்ந்ததா என்று பார்த்தால் மனம் கசந்துபோகும். "நான் சொன்னதைச் செய்தேனா" என்ற ஒரு கட்டத்தை மட்டும் சரி போடுங்கள்.

வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கடல் கொந்தளித்துப் படகு போகாத நாளாக இருந்தால் இன்னும் வசதி, அன்று வெட்ட மீன் இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். பச்சை மீன் வரத்துக் குறையும்போது கருவாட்டைத் தேடுவார்கள். அப்போது கூப்பிட வேண்டியவரை மார்ச் மாதமே பழகி வைத்திருக்க வேண்டும்.

40,000 ரூபாய்க் குழுவில் சேரலாமா

எனக்கு இப்படிப்பட்ட குழுக்கள் மேல் வெறுப்பு எதுவும் இல்லை. கட்டட ஒப்பந்தக்காரர், காப்பீட்டு முகவர், பிரிண்டிங் பிரஸ் வைத்திருப்பவர் போன்றோருக்கு நன்றாகவே வேலை செய்கிறது. உங்கள் கணக்கைப் பார்ப்போம். கட்டணம் 40,000. வாரம் ஒரு தடவை மதுரை போய்வர, சாப்பாடு சேர்த்து 500 என்று வைத்தாலும் 52 வாரத்துக்கு 26,000. மொத்தம் 66,000. கிலோவுக்கு 60 ரூபாய் நிற்கிற உங்களுக்கு, இந்தச் செலவை எடுக்கவே 1,100 கிலோ கூடுதலாக விற்றாக வேண்டும். அது உங்கள் நாலு மாத உற்பத்திக்குக் கொஞ்சம்தான் குறைவு. தவிர, காலை ஏழு மணிக் கூட்டத்துக்கு உங்கள் ஊரிலிருந்து விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். மாமியாருக்கு யார் பதில் சொல்வது?

விருந்தினராக ஒரு முறை வர அனுமதிப்பார்களா என்று கேளுங்கள். போனால், மேடையைப் பார்க்காமல் ஆட்களைப் பாருங்கள்: உணவு விடுதி, கேட்டரிங், மளிகை, சூப்பர் மார்க்கெட் ஆட்கள் எத்தனை பேர்? ஐந்துக்குக் கீழே என்றால் காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிடலாம்.

அதற்குப் பதிலாகக் காசில்லாத கதவுகள் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கின்றன. மாவட்டத் தொழில் மையம். மகளிர் திட்ட அலுவலகம். சுய உதவிக் குழுப் பொருட்களை "மதி" என்ற பெயரில் விற்கிறார்களே, அதற்கு வழி கேட்க வேண்டிய இடம் அது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம். அங்கே விஞ்ஞானியைப் பார்த்துதான் ஆக வேண்டும் என்றில்லை. பயிற்சிப் பிரிவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருங்கள், வேறு யார் என்ன கேட்டு வருகிறார்கள் என்று பார்ப்பதே பெரிய பாடம்.

லிங்க்ட்இன் பற்றி: அக்கா மகளை ஒரு பக்கம் ஆங்கிலத்தில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். பெரிய கடைகளின் கொள்முதல் மேலாளர்கள், ஏற்றுமதியாளர்கள் உங்கள் பெயரைத் தேடும்போது ஏதாவது தென்பட வேண்டும், அவ்வளவுதான். அதில் தினமும் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். கருவாடு வாங்குகிறவர் பெரும்பாலும் தமிழில்தான் பேரம் பேசுவார். ஆங்கிலம் வராதது உங்கள் குறை இல்லை.

வியாபாரியை விடலாமா

உடனே வேண்டாம். அவரும் உங்கள் பழக்கத்தில் ஒருவர்தான். நான்கு வருடம் சரக்கெடுத்திருக்கிறார், மழைக்காலத்தில் ஈரச் சரக்கைக்கூடத் தள்ளாமல் வாங்கினார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முகத்தை முறித்தால் நாளைக்கு 300 கிலோவை எங்கே கொண்டுபோவீர்கள்?

செய்ய வேண்டியது வேறு. முன்பணக் கணக்கையும் சரக்குக் கணக்கையும் பிரியுங்கள். 60,000-ஐ மாதம் இவ்வளவு என்று கழிக்கச் சொல்லி எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு லோடுக்கும் தேதி, எடை, விலை போட்ட பில் கொடுங்கள்; அவர் கையெழுத்துப் போடத் தயங்கினால் எடையையும் விலையையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி "சரி" என்று ஒரு வார்த்தை வாங்கி வையுங்கள். பிறகு நாலில் ஒரு பங்கை மட்டும் வெளியே விற்கப்போவதாக நேரில் சொல்லுங்கள். மறைத்துச் செய்யாதீர்கள். கடற்கரையில் எதுவும் மறையாது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, ஆனால் ஒரு காகிதம் வேண்டும். குறு, சிறு நிறுவனமாக உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். காசு கேட்கும் இணையதளம் என்றால் அது அரசுத் தளம் இல்லை. மீன் பிடிப்பது அந்தப் பதிவில் வராது, பதப்படுத்துவது வரும். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உங்களிடம் சரக்கு எடுத்தவர் ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டாலும் அது 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்து எதுவும் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாக. பாக்கியை வாங்கித் தரக் கேட்கும் மனுவை இணையம் வழியாகவே கொடுக்கலாம். ஆனால் பதிவுக்கு முன் அனுப்பிய சரக்குக்கு இந்தப் பாதுகாப்பைக் கேட்பது சிக்கல், அதனால் இந்த வாரமே பதிவு செய்யுங்கள்.

உரிமை இருக்கிறது என்பதற்காக நாளைக்கே மனுப் போடச் சொல்லவில்லை. ஒரே ஒருவரிடம் விற்கிறவர் அவர் மேல் மனுப் போட முடியாது. நாலு பேரிடம் விற்கிறவரால் முடியும். மனுப் போடும் தேவையே அநேகமாக அப்போது வராது. இன்னொன்று, வெளியே பாக்கெட் போட்டு விற்கத் தொடங்கும் முன் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு எண் கட்டாயம் வேண்டும். வெளி மாநிலத்துக்கு அனுப்புவதாக இருந்தால் ஜிஎஸ்டி பற்றி ஒரு கணக்காளரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

துபாய்க்காரர், அப்புறம் இரவு நேரச் செய்திகள்

200 கிலோ, கடன், முகம் தெரியாதவர். வேண்டாம். முறையான ஏற்றுமதிக்கு ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும், கடல்சார் பொருட்கள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தில் பதிவு வேண்டும். இரண்டும் உங்களிடம் இல்லை. உண்மையாகவே வேண்டும் என்றால் பதிவுள்ள ஏற்றுமதியாளர் ஒருவர் மூலம், முழுப் பணத்தையும் முன்னால் கொடுத்து அவர் வாங்கலாம். இதைச் சொன்னதும் அவர் காணாமல் போனால், உங்களுக்கு 200 கிலோ மிச்சம்.

இன்னொரு வகையும் வரும். பெரிய ஆர்டர் தருவதாகப் பேசி, "அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்" என்பார்கள். பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. போட்டால் உங்கள் பணம்தான் போகும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.

இன்னொரு விஷயத்தை நீங்கள் பாதி எழுதி அடித்திருக்கிறீர்கள், ஆனாலும் படிக்க முடிந்தது. கார்டு கொடுத்தவர்களில் ஒருவர் இரவு பதினொரு மணிக்கு "சாப்பிட்டாச்சா" என்று அனுப்புகிறார். அது தொழில் பழக்கம் இல்லை. பதில் போடாமல் தடுத்து வையுங்கள்; அந்த ஒரு கார்டைக் கிழித்துப் போடுவதால் உங்கள் தொழில் நின்றுவிடாது. தொழிலுக்கென்று தனி சிம் வாங்கி, அதில் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டு, வேலை நேரம் காலை 9 முதல் மாலை 6 என்று எழுதி வையுங்கள். முகப்பில் உங்கள் படம் வேண்டாம், பரணின் படம் இருக்கட்டும். அந்தப் போன் களத்திலேயே இருக்கட்டும், யார் கையில் கிடைத்தாலும் அவர் எடுத்துப் பேசலாம். ஆறு பெண்கள் சேர்ந்து பார்க்கும் போனுக்கு அப்படிப்பட்ட செய்தி அதிகம் வராது.

மாமியாருக்கும் இதிலேயே ஒரு வழி இருக்கிறது. வெளியூர் போகும்போது நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மகள் போய்வந்து சொல்வதை அவர் நம்புவார். நோட்டையும் ஒளித்து வைக்காமல் உப்புக் கணக்கு நோட்டோடு வையுங்கள். மெஸ்காரரிடமிருந்து முதல் பணம் வந்தால், அந்தப் பக்கத்தைத் திறந்து, எந்த நாள் எந்தப் பேச்சிலிருந்து வந்த பணம் என்று காட்டுங்கள். வாதம் செய்ய வேண்டாம். உங்கள் மாமியார் தலையில் கூடை சுமந்து மீன் விற்றவர் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த வீட்டில் யார் எந்த மீன் கேட்பார்கள், யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருந்திருக்கும். அவரிடம் கேட்டுப் பாருங்களேன், அந்த வீடுகளில் இன்னும் எத்தனை வீடு அவருக்கு ஞாபகம் இருக்கிறது என்று.

கடிதத்தின் ஓரத்தில் பென்சிலில், "காரல் கருவாட்டுக்குத் தனியாக ஆள் கிடைக்குமா" என்று கேட்டிருந்தீர்கள். பரமக்குடிப் பக்கம் வாரச் சந்தைகளில் கருவாடு போடும் ஒருவரை எனக்குத் தெரியும். நெருங்கிய பழக்கம் இல்லை, ஒரு கடன் விண்ணப்பத்துக்காக இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். பேசிப் பார்க்கிறேன். உங்கள் எண்ணை அவரிடம் கொடுக்கலாமா என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். புது சிம் வாங்கிவிட்டு எழுதினால் இன்னும் நல்லது.